மண்ணெண்ணெய் வாசம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறேன். அதில் நெருப்பு அழிவின் குறியீடா, மறுபிறப்பின் குறியீடா? முடிவில் ஃபீனிக்ஸ் பறவை பற்றிப் பேசப்படுவதால் இரண்டாவது என்றே நினைக்கிறேன். இருண்ட எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் இத்தகைய டிஸ்டோபிய நாவல்கள் தமிழில் ஏன் குறைவு?

எம்.

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வி இன்னொரு நாளைக்கு. ஃபீனிக்ஸையும் விட்டுவிடுங்கள். முடிவில் வரும் கிரேஞ்சர் என்ற பாத்திரமே அதை வாய்விட்டு விளக்கிவிடுகிறார், நமக்கு வேலை வைக்கவில்லை.

போன வாரம்தான் அந்த நாவலை மறுபடி எடுத்தேன். புத்தகம் எரிக்கும் கதையை ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், அரை மணிக்குப் பத்து சென்ட் வாடகைத் தட்டச்சில் உட்கார்ந்து அடித்திருக்கிறார் மனிதர். 1953இல் வெளிவந்தது. இந்த முறை எனக்கு நெருப்பைவிட மண்ணெண்ணெய்தான் கண்ணில் பட்டது. மூக்கில் பட்டது என்றே சொல்லலாம்.

என் மாமா ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுபவராக இருந்தார். சீயக்காய், எலுமிச்சைத் தோல், சாம்பல் எல்லாம் போட்டுக் கையைத் தேய்ப்பார். போகாது. அவர் பிசைந்து கொடுத்த சோற்றை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவோம். அவருக்கு மட்டும் அந்த வாசனை தெரியவே தெரியாது.

நாவலின் நாயகன் மாண்டாக்கும் அப்படித்தான். அவன் தீயணைப்பு வீரன்; அந்த உலகத்தில் தீயணைப்பு வீரர்களின் வேலையே மண்ணெண்ணெய் ஊற்றிப் புத்தகங்களை எரிப்பது. எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது என்கிறான், தனக்கு அது வாசனைத் திரவியம் என்றும் சொல்லிக்கொள்கிறான். அவனுக்கு நெருப்பு குறியீடு இல்லை அம்மா, சம்பளம்! நீங்களோ முதல் பக்கத்திலேயே ‘நெருப்பு = அழிவா, மறுபிறப்பா?’ என்று பென்சிலால் எழுதிவிட்டு மிச்சத்தைப் படித்திருக்கிறீர்கள். குறியீட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் கதையை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது எனக்கு.

தன் புத்தகங்களோடு சேர்ந்து எரிந்துபோகும் அந்தக் கிழவியைப் பாருங்கள். புத்தகங்கள்மேல் மண்ணெண்ணெயை ஊற்றியது தீயணைப்பு வீரர்கள். தீக்குச்சி மட்டும் அவளுடையது, சாதாரண அடுப்படித் தீக்குச்சி. அதைக் கண்டதும் எரிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வாசலுக்கு ஓடுகிறார்கள். அழிவா மறுபிறப்பா என்ற உங்கள் இரண்டு கட்டங்களில் இதை எதில் போடுவீர்கள்?

ஆற்றைக் கடந்த பிறகு மாண்டாக் காட்டில் ஒரு கணப்பைப் பார்க்கிறான். சுற்றிலும் குளிர்காயும் கைகள். நெருப்புக்குக் கொடுக்கவும் தெரியும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அதன் வாசனைகூட வேறாக இருந்தது என்று ஒரு சின்ன வாக்கியம் அங்கே உண்டு. உங்கள் கட்டுரையை அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள். எழுதியதும் அனுப்புங்கள், திட்டாமல் படிக்கிறேன்.