பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களும் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராக்களும்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் நிக்கான் டி3200 இருக்கிறது. ஏஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை ஒருவர் பயன்படுத்திய பிறகு மலிவாக வாங்கினேன். ஷட்டர் பொத்தானை அழுத்தினால் லென்ஸ் அசைவதே இல்லை. திரையில் 'எஃப்ஈஈ' என்று மின்னுகிறது. லென்ஸ் பழுதா?

பதில்: பழுதில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு.

லென்ஸைக் கழற்றி, அதன் பின்புற உலோக வளையத்தைப் பாருங்கள். திருகாணித் தலையில் இருப்பது போன்ற ஒரு சிறு பள்ளம் தெரியும். 1986இல் வந்த எஃப்-501 தொடங்கி, நிக்கான் கேமராக்களுக்குள் ஒரு மோட்டார் இருந்தது. கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாயான மவுண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் திருப்புளி முனை ஒன்று அந்தப் பள்ளத்தில் பொருந்தி லென்ஸைச் சுழற்றும். 2006இல் வெளியான டி40 கேமராவில் அந்த மோட்டார் நீக்கப்பட்டது. அதன் வழிவந்த டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை ஆகிய எவற்றிலும் அது இல்லை. எனவே, தனக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் போன்ற லென்ஸ்கள்தாம் இவற்றில் தாமாகக் குவியும்.

'எஃப்ஈஈ' என்பது, ஒளி நுழையும் துளையின் அளவை மாற்றும் அப்பர்ச்சர் வளையம் சரியான இடத்தில் இல்லை என்பதற்கான அறிவிப்பு. வளையத்தை ஆரஞ்சு நிறத்தில் உள்ள 22க்குத் திருப்பி, பக்கத்திலுள்ள சிறு பூட்டைத் தள்ளிவிடுங்கள். ஒளி அளவிடுதலும், கேமரா வழியாக அப்பர்ச்சரை மாற்றுவதும் முழுமையாக வேலை செய்யும். குவியத்தை மட்டும் கையால் திருப்ப வேண்டும். குவியம் சரியானதும் வியூஃபைண்டரின் இடது ஓரத்தில் எரியும் பச்சை வட்டப் புள்ளி உங்களுக்குத் துணை நிற்கும்.

கேள்வி: டி3400க்கு ஏஎஃப் 70-300 மி.மீ. எஃப்/4-5.6ஜி மலிவாகக் கிடைக்கிறது. 'ஜி' என்று இருப்பதால் புதிய வகைதானே, மோட்டார் இருக்குமல்லவா?

பதில்: இருக்காது. பலர் பணத்தை இழப்பது இந்த ஒரே எழுத்தால்தான். 'ஜி' என்பது அப்பர்ச்சர் வளையம் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. மோட்டாரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பெயரின் தொடக்கத்தில் வெறும் 'ஏஎஃப்' என்றிருந்தால், உங்கள் கேமராவில் அது கையால் குவிக்க வேண்டிய லென்ஸ். 80-400 மி.மீ. எஃப்/4.5-5.6டி லென்ஸில் அதிர்வுக் குறைப்பு வசதிகூட உண்டு, ஆனால் மோட்டார் கிடையாது. பணம் கொடுப்பதற்கு முன் எழுத்துகளைப் படியுங்கள்; படித்த பிறகு பின்புறப் பள்ளத்தையும் பாருங்கள்.

கேள்வி: டி5300இல் 85 மி.மீ. எஃப்/1.8டி ஆட்டோஃபோகஸ் ஆகுமா?

பதில்: ஆகாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கேனான் 1300டியில் தொண்ணூறுகளில் வந்த ஈஎஃப் லென்ஸ்கள் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். 1987இல் ஈஎஃப் மவுண்ட் வந்த நாள் முதலே கேனான் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டது. ஆனால் ஃபிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்களில் சில, முழுத் திறப்பில் மட்டும் படமெடுத்து, அப்பர்ச்சரைக் குறைத்ததும் பிழைச் செய்தி காட்டும். அவற்றை உங்கள் கேமராவிலேயே எஃப்/8இல் படமெடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: பச்சைப் புள்ளியை நம்பச் சொல்லாதீர்கள். நான் நிக்கானின் ஃபிலிம் கேமராவான எஃப்எம்2வில் பல ஆண்டுகள் கண்ணால் பார்த்தே குவித்தவன். பழகிய கண்ணுக்கு எந்த வியூஃபைண்டரும் போதும்.

பதில்: உங்கள் பழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் எஃப்எம்2வின் வியூஃபைண்டர் 0.86 மடங்கு பெரிதாக்கிக் காட்டியது, நடுவில் பிம்பத்தை இரண்டாகப் பிளந்து காட்டும் பட்டகமும் இருந்தது. டி3200இன் 0.8 மடங்கை, அதன் சிறிய சென்சாருக்காக 1.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.53தான் வரும், பிளவுப் பட்டகமும் கிடையாது. உங்கள் கண் மாறவில்லை, அது பார்க்கும் திரைதான் மாறிவிட்டது.

கேள்வி (அவரே): சிறிதாகத் தெரிந்தாலும் தெளிவு தெளிவுதானே?

பதில்: இல்லை, இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்த ஒளியையே உள்ளே விடும் ஜூம் லென்ஸிலும் காட்சி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே, வியூஃபைண்டருக்குள் பிம்பம் விழும் இன்றைய குவியத் திரைகள் அமைக்கப்படுகின்றன. அதனால் எஃப்/1.8 லென்ஸைப் பொருத்தினாலும், திரை காட்டுவது ஏறக்குறைய எஃப்/2.8இன் தெளிவு ஆழத்தை, அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாகத் தெரியும் தூரத்தைத்தான். படமெடுக்கும் முன்பே அப்பர்ச்சரைக் குறைத்துக் காட்டும் ஆழக் காட்சிப் பொத்தான் உள்ள ஒரு கேமராவில் எஃப்/2.5 வைத்து அழுத்திப் பாருங்கள். திரையில் மாற்றம் தெரியாது. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் தெளிவின் ஆழம் சுமார் 3 செ.மீ. மட்டுமே. இமையில் இருக்க வேண்டிய தெளிவு காதுக்குப் போய்விட்டதைத் திரை உங்களிடம் சொல்லவே சொல்லாது.

புள்ளியிலும் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது ஒரே இடத்தில் எரிவதில்லை; குவிய வளையத்தைத் திருப்பும்போது ஒரு சிறு தூரம் முழுவதும் எரியும். ஆகவே வளையத்தை மெதுவாகத் திருப்பி, அது எரியத் தொடங்கும் இடத்தையும் அணையும் இடத்தையும் விரலால் உணர்ந்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். அசையாத பொருளென்றால் லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்புறத் திரையில், பெரிதாக்கிப் பாருங்கள். அதைவிடத் துல்லியம் வேறில்லை.

கேள்வி: டி5600இல் 35 மி.மீ. எஃப்/2டி...

பதில்: இதே கேள்விக்கு இரண்டு முறை விடை சொல்லிவிட்டேன். வெறும் 'ஏஎஃப்' என்றால் கையால்தான்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்திவலை போன்ற பூஞ்சை. நானே பிரித்துத் துடைக்கலாமா?

பதில்: வேண்டாம். பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது பின்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற நான்கு ஏஎஃப்-டி லென்ஸ்கள் இருக்கின்றன. கேமரா இனிமேல்தான் வாங்க வேண்டும். எது பொருந்தும்?

பதில்: கேட்க வேண்டிய வரிசையில் கேட்டிருக்கிறீர்கள். பழைய டி90 அல்லது டி7000 வாங்குங்கள். இரண்டிலும் மோட்டார் உண்டு, நான்கு லென்ஸ்களும் தாமாகக் குவியும். அவை நிக்கான் லென்ஸ்கள்தாமா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மினோல்டாவாக இருந்தால் சோனியின் ஏ-மவுண்ட் கேமராக்களும், பென்டாக்ஸாக இருந்தால் அதே நிறுவனத்தின் டிஎஸ்எல்ஆர்களும் பொருந்தும். அந்த இரண்டு வரிசைகளிலும் மலிவான கேமராக்களில்கூட மோட்டாரை நீக்கவில்லை. கடைக்கு லென்ஸ்களை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றையும் பொருத்தி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, திருப்புளி சுழலும் அந்தக் கரகர ஓசை கேட்கிறதா என்று பாருங்கள்.