வட்டியில்லாத் தவணைக்குள் இருக்கும் வட்டி

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன், வயது 46. பழைய ராக் இசைக் கலைஞர்களின் புகைப்படங்களை, எடுத்தவரின் கையொப்பத்துடன், ஃபிரேம் போட்டுச் சேகரிக்கிறேன். இதுவரை 9 படங்கள் சேர்ந்துள்ளன. கிரெடிட் கார்டில் 24 சதவீத வட்டியில் 14,000 பவுண்ட் கடன் நிற்கிறது. மாதம் 350 பவுண்ட் தவறாமல் கட்டுகிறேன். கெரெட் மான்கோவிட்ஸ் 1967இல் எடுத்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் படத்தை 3,200 பவுண்டுக்கு, வட்டியில்லாத 10 மாதத் தவணையில் தருவதாக ஒரு கேலரி சொல்கிறது. கடைசி மூன்று படங்களையும் இப்படித்தான் வாங்கினேன். மதிப்பு ஏறும் சொத்து என்பது என் எண்ணம், மனைவியோ அஞ்சுகிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். உங்கள் மனைவியின் அச்சம் நியாயமானது. ஒரு தவணை முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கிவிடும் பழக்கமே உங்கள் கார்டுக் கடனைக் கரையவிடாமல் வைத்திருக்கிறது.

14,000 பவுண்டுக்கு மாத வட்டி ஏறத்தாழ 280. நீங்கள் கட்டும் 350இல் அசலுக்குப் போவது 70தான். இப்படியே போனால் கடன் தீர ஏழு ஆண்டுகள் நெருங்கும். வட்டி மட்டும் 14,000ஐத் தாண்டும். கேலரிக்கு மாதாமாதம் போகும் 320ஐயும் சேர்த்து 670ஆகக் கட்டினால், 27 அல்லது 28 மாதங்களில் கடன் அடைந்துவிடும். வட்டி 4,000 சொச்சத்தோடு நிற்கும். வட்டியில்லை என்று நீங்கள் நம்பும் தவணைகளை இப்படித் தொடர்ந்துகொண்டே இருந்தால், அவற்றின் உண்மையான விலை சுமார் 10,000 பவுண்ட்.

சொத்து என்ற எண்ணத்தையும் சற்று நிதானமாகப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் பென்சிலால் 12/50 (ஐம்பதில் 12ஆவது பிரதி) என்று எழுதியிருந்தால், அந்தக் காட்சிக்கு உலகில் 50 பிரதிகளே உண்டு என்று பொருளல்ல. பெரும்பாலும் அந்த அளவில் 50 என்றே பொருள். அதே காட்சி இன்னும் இரண்டு மூன்று அளவுகளில், தனித்தனி எண்ணிக்கையோடு விற்கப்படலாம். ஜிம் மார்ஷல் போன்ற மறைந்த புகைப்படக் கலைஞர்களின் படங்களில் இன்னொரு வேறுபாடும் உண்டு: அவர் 2010இல் காலமானார், அதன்பின் அச்சிட்ட பிரதிகளில் அவர் கையெழுத்து இருக்க வழியில்லை, அவர் படைப்புகளின் உரிமையைப் பெற்றவர்களின் முத்திரையே இருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை கிடைக்காது.

விற்கும்போது கணக்கு இன்னும் கடுமையானது. ஏலத்தில் உங்கள் படம் 2,000க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏல நிறுவனம் விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 25 சதவீதம் எடுத்தால், அவர் 2,500 கொடுப்பார், உங்கள் கைக்கு 1,700தான் வரும். ஃபிரேமுக்குச் செலவழித்த 200, 300 பவுண்டுக்கு அங்கே மதிப்பே இல்லை. கலைப்பொருளைச் சிறு பங்குகளாகப் பிரித்து விற்கும் புதிய செயலிகள் பக்கமும் போய்விடாதீர்கள். நினைத்தபோது வெளியே வர முடியாத இடத்தில் கடனாளி பணம் போடக் கூடாது.

எல்லாவற்றையும் விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நின்று பார்ப்பதே இல்லாத இரண்டு படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ரசீதையும் சான்றிதழையும் தேடி எடுத்து, இரண்டு ஏல நிறுவனங்களிடம் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். தனித்தனியாக விற்கும் படம் 6,000 பவுண்டைத் தாண்டாதவரை பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை. வரும் தொகை அன்றே கார்டுக்குப் போகட்டும்.