தறிக்கூடத்தில் ஒரு குறும்படம்

கேள்வி: சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்திலும் பொள்ளாச்சியை அடுத்த ஒரு தென்னந்தோப்பிலும், ஆடி மாதத்தில், இரண்டே நாள்களில் எங்கள் முதல் குறும்படத்தை எடுக்க இருக்கிறோம். எவற்றில் கவனம் தேவை?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: படப்பிடிப்பு நடக்கப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை தறிக்கூடத்துக்குப் போய், கண்ணை மூடி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நாடா (ஊடுநூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கட்டை) அடிபடும் ஓசையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது என்பதால், வசனக் காட்சிகளைத் தறி நிற்கும் வேளையில், தறி கேமராவின் சட்டகத்துக்குள் வராத கோணத்தில் எடுத்துக்கொண்டு, ஓடும் தறியின் ஒலியைத் தனியே பதிவுசெய்து படத்தொகுப்பில் சேர்ப்பதே சரி. உங்களுக்காகத் தறியை நிறுத்தினால் நெய்பவரின் கூலி குறையும். ஆகவே உணவு இடைவேளையை மட்டும் கேளுங்கள். அது நம் கடமை.

அடுத்து, கூடத்தின் விளக்கொளி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. பழைய குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என வைத்தால் படத்தில் பட்டை ஓடாது.

தோப்பில் உங்கள் சிக்கல் காற்றுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்று மைக்கில் இரைச்சலாகவே விழும் என்பதால் காற்றைத் தடுக்க மைக்கின் மேல் போர்த்தும் ரோம உறை கட்டாயம் வேண்டும். தோப்புக்காரரிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். ஆனைமலைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையாதீர்கள். காய் முற்றிய மரத்தடியில் நடிகர்களை உட்கார வைக்காதீர்கள்.