ஆறு வயசுப் பையன் சண்டை வீடியோ பார்த்துட்டு தங்கச்சியை உதைக்கிறான், போனைப் பிடுங்கிடலாமா?

திருப்பூர்னு போட்டிருக்கீங்க. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் பனியன் கம்பெனியில ஒன்றரை சிப்ட்டுன்னா, ராத்திரி எட்டரை வரைக்கும் பையன் அப்புச்சி, அம்மாயி (அம்மாவைப் பெத்த தாத்தா, பாட்டி) கிட்டத்தான் இருப்பான், அவங்க போன்தான் அவன் கையில இருக்கும்னு எடுத்துக்கறேன். பிடுங்க வேண்டாங்க. அதுல என்ன வருது, எப்படி வருதுங்கறதை மாத்துங்க.

காரணம் சொல்றேன். 1961-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஆல்பர்ட் பண்டூராங்கற உளவியலாளர் 72 குழந்தைகளை வச்சு ஒரு சோதனை பண்ணினார். பெரியவர் ஒருத்தர் காத்தடிச்ச பொம்மையைச் சுத்தியலால அடிக்கறதைப் பார்த்த குழந்தைகள், அதே அடியை, அதே வார்த்தையோட திருப்பிச் செஞ்சாங்க. 1965-ல வந்த அடுத்த சோதனைதான் நமக்கு முக்கியம். படத்துல அடிச்ச ஆளுக்குத் தண்டனை கிடைச்சதைப் பார்த்த குழந்தைகள் குறைவாத்தான் அடிச்சாங்க. ஆனா, "அவர் செஞ்சதைச் செஞ்சு காட்டு, பரிசு தர்றேன்"னு சொன்னதும் அவங்களும் மத்தவங்க அளவுக்கே செஞ்சு காட்டினாங்க. மனசுல ஏறிருச்சு, வெளிய வரலை, அவ்வளவுதான். அதனால "கடைசியில வில்லன் செத்துடறானே, நல்ல பாடம்தானே"ங்கறது செல்லாதுங்க. ஹீரோ இருபது பேரை அடிச்சு விசில் வாங்கறதுதான் ஆறு வயசுக்குப் பாடம்.

பொம்மையை அடிக்கறதும் ஆளை அடிக்கறதும் ஒண்ணான்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. "நாங்கெல்லாம் சண்டைப் படம் பார்த்து வளரலையா, கொலைகாரனாவா ஆனோம்"னும் யாராவது வருவாங்க. நான் அப்படிச் சொல்லவே இல்லை. வன்முறை வீடியோ கேமுக்கும் கத்துறது, தள்ளுறது மாதிரி முரட்டுத்தனத்துக்கும் சின்னத் தொடர்பு இருக்கு, கொடூரக் குற்றத்துக்கு அதைக் காரணமாக்க ஆதாரம் போதாதுன்னு அமெரிக்க உளவியல் சங்கமே 2020-ல சொல்லியிருக்கு. உங்க வீட்டுல நடக்கறது தள்ளுறதும் உதைக்கறதும்தானே, அதுக்குத்தான் இந்தப் பதில்.

இப்ப போன். யூடியூபுல முதல்ல ஆட்டோபிளேயை, அதாவது அடுத்த வீடியோ தானா ஓடறதை, அணைங்க. ஒரு வீடியோ முடிஞ்சதும் திரை நின்னாத்தான் பையன் தலையைத் தூக்குவான், பிடுங்காமலே போனை வாங்கலாம். பாதியில வாங்கினா அழுகைதான். அடுத்து வாட்ச் ஹிஸ்டரியை (இதுவரைக்கும் பார்த்த வீடியோ பட்டியல்) முழுசா அழிச்சுட்டு, சேராதபடி நிறுத்தி வையுங்க. இதை விட்டுட்டு வேற எதைப் பண்ணினாலும் பழைய சண்டை வீடியோவே முகப்புல வந்து நிக்கும். பெரியவங்களுக்கான வீடியோவை வடிகட்டற ரெஸ்ட்ரிக்டட் மோட் போட்டா அந்த ஆப்புக்கு மட்டும்தான், பிரவுசர்லயும் டிவிலயும் தனித்தனியாப் போடணும். அதுவும் எல்லாத்தையும் தடுக்காது. ஆறு வயசுக்குச் சரியானது, குழந்தைகளுக்குன்னே இருக்கற யூடியூப் கிட்ஸ் ஆப்புல "அப்ரூவ்ட் கன்டென்ட் ஒன்லி". நீங்க தேர்ந்தெடுத்த சேனல் மட்டும் வரும், தேடவே முடியாது. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதினஞ்சு சேனல் சேர்த்துடுங்க.

நெட்பிளிக்ஸ்ல குழந்தைக்குத் தனி புரொஃபைல் வச்சா மட்டும் போதாது. பெரியவங்க புரொஃபைலுக்கு பின் நம்பர் போடலைன்னா ஒரே தட்டுல அங்க போயிடுவான்.

பலரும் கவனிக்காதது வாட்ஸ்அப். சொந்தக்காரங்க குரூப்புல வெட்டுக்குத்து சிசிடிவி வீடியோவை "எச்சரிக்கை"ன்னு அனுப்பறாங்க. அது தானா இறங்கி, பேரன் போட்டோவோட போட்டோவா கேலரியில உட்கார்ந்துக்கும். அப்புச்சி போன்ல மீடியா ஆட்டோ டவுன்லோடையும் (தானா இறங்கறது) மீடியா விசிபிலிட்டியையும் (கேலரியில காட்டறது) அணைங்க. இது இனிமே வர்றதுக்குத்தான், ஏற்கெனவே இறங்கினதைக் கையாலதான் அழிக்கணும். சினிமா அடியை விட இந்த நிஜ வீடியோ மோசம். பயந்துட்டான்னா "அது பொய்டா கண்ணு"ன்னு இந்த வயசுல விளக்கறது அதிகம் எடுபடாது. மடியில வச்சுக்கிட்டு, தண்ணி குடுத்து, லைட்டைப் போட்டுட்டுப் படுக்க வையுங்க. எட்டு, ஒன்பது வயசுக்கு மேலதான் விளக்கம் வேலை செய்யும்.

இதைச் சொல்லும்போது பஸ்ஸையும் சொல்லாம விட முடியலைங்க. வீட்டுல இவ்வளவும் அடைச்சுட்டு கோவைக்கோ சேலத்துக்கோ ஒரு தனியார் பஸ் ஏறினா, டிரைவர் தலைக்குப் பின்னாடி டிவியில ரத்தம் தெறிக்குது, சத்தம் காதைப் பிளக்குது. பதினாறு வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க வழிகாட்டல் வேணும்னு யு/ஏ 16+ சான்றிதழ் வாங்கின படத்தை மடியில கைக்குழந்தை வச்சிருக்கற கூட்டத்துக்குப் போடறாங்க. தயங்காம கண்டக்டர் கிட்ட மாத்தச் சொல்லுங்க.

பையன் உதைச்சா அவன்கிட்ட ஓடாதீங்க. முதல்ல பாப்பாவைத் தூக்கி, வலிக்குதான்னு கேளுங்க. அடிச்சா எல்லாரும் தன்னைப் பார்க்கறாங்கங்கறதே அவனுக்குப் பரிசு. அப்புறமா அவன்கிட்ட, "பாப்பாவுக்கு வலிச்சுதில்ல, டிவியில ஏன் யாருக்கும் வலிக்கவே மாட்டேங்குது?"ன்னு கேளுங்க. கூட உட்கார்ந்து பார்க்கும்போதும் இதே கேள்விதான். அம்மாயிக்கும் இதைச் சொல்லி வையுங்க, பகல்ல கூட இருக்கறது அவங்கதானே.

சில வாரம் இப்படிச் செஞ்சும் குறையலைன்னா, நாய், பூனையை வதைச்சா, விட்டுப்போன படுக்கை நனைக்கறது திரும்ப வந்தா, போனை மட்டும் குத்தம் சொல்லிட்டு இருக்காதீங்க. பள்ளிக்கூடத்துல யாராவது அவனை அடிக்கறாங்களான்னு விசாரிங்க. டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழ்லயே பேசலாம், சிப்ட் முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பாங்க.