தச்சுவேலை தெரிந்த டாக்டர்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் எங்கள் சபையில் கன்வென்ஷன் நடந்தது. கடைசி நாள் செய்தி, எஜமான் கொடுத்த தாலந்தை, அதாவது பணத்தை, பயன்படுத்தாமல் மண்ணில் புதைத்தவனைப் பற்றிய பைபிள் உவமை. கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எனக்குப் பாட வராது. நாலு பேர் முன்னால் ஜெபிக்கச் சொன்னாலே வாய் வராது. ஆவியானவர் அவரவருக்குக் கொடுத்த வரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். நிரப்பிக் கூட்டிப் பார்த்தால் எனக்கு 'உதவி செய்யும் வரம்' என்று வந்தது. பக்கத்தில் இருந்த தோழிக்குத் தீர்க்கதரிசன வரம். அழுகையே வந்துவிட்டது. என் உண்மையான வரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பிறவித் திறமையும் ஆவியின் வரமும் ஒன்றா, வேறா? வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வா என்று தோழிகள் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது, தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றித்தான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். உதவி செய்யும் வரம் என்று வந்ததற்கு ஒரு விசுவாசி அழலாமா? தோழிக்குக் கிடைத்தது மேடை ஏறும், நமக்குக் கிடைத்தது பந்தி பரிமாறும் என்பதுதானே அந்த அழுகை? அது உங்களுடைய குற்றம் மட்டும் இல்லை, நாம் எல்லோரும் சேர்ந்து உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. நம் சபைகளில் கீபோர்டு வாசிக்கிற பையனுக்குப் பொன்னாடை உண்டு. அசனம் என்கிற சபை விருந்துக்கு விடிய விடிய அடுப்படியில் நின்று சோறு வடிக்கிறவர்களுக்கு என்ன செய்தோம்? சாப்பிட்டோம், கை கழுவினோம், போய்விட்டோம். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தாலந்து என்றாலே மைக்தான் ஞாபகத்துக்கு வரும்.

பிறவித் திறமை, ஆவியின் வரம் என்கிற கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்த மூளையைக் கொடுத்ததும் அதே தேவன்தான். அதற்குமேல் இதைத் தோண்டிப் பிரயோஜனமில்லை.

சரி, பிராண்டுக்கு வருகிறேன். கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அங்கே மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். பையனுக்கு அப்போது டாக்டராகும் ஆசை இல்லை. அப்பாவைப் போல மலையில் வீடும் பள்ளிக்கூடமும் கட்டலாம் என்று தச்சுவேலையும் கொத்துவேலையும் கற்றுக்கொண்டார். இளமையில் சில வருஷம் அதிலேயே போயிற்று. பிறகுதான் மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) அறுவை மருத்துவராக வந்தபோது, அந்த உளியும் இழைப்புளியும் வீணாய்ப்போன காலம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள்.

செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் கைகளைப் பார்க்கிறார். விரல்கள் உள்பக்கமாக மடங்கி, விரிக்க முடியாமல் இருக்கின்றன. நரம்பு செத்திருந்தாலும் முன்கையில் சில தசைகள் நல்ல பலத்தோடு இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். அந்தத் தசைநாரை எடுத்து விரலோடு இணைத்தால் விரல் விரியும். பொது மருத்துவமனைகள் தொழுநோயாளியைச் சேர்க்கவே தயங்கிய காலம் அது. அறுவை செய்தார்கள், கை விரிந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நாம் வழக்கம்போல ஒரு சாட்சி சொல்லி அல்லேலூயா போட்டிருப்போம்.

முடியவில்லை. கை சரியானவர்கள் திரும்பி வந்து, இந்தக் கையோடு பிச்சை கிடைக்கவில்லை என்றார்கள். மடங்கிய கைக்குக் காசு போட்டவர்கள் நல்ல கைக்குப் போடவில்லை. வேலை கொடுக்கவும் ஆள் இல்லை, வீடு கொடுக்கவும் ஆள் இல்லை. இப்போது அறுவைக் கத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கேதான் அந்தப் பழைய தச்சுவேலை எழுந்து வந்தது. நோயாளிகளுக்காகக் குடிசைகளும் பட்டறையும் சேர்ந்த ஒரு சிறு குடியிருப்பு உண்டானது. பிராண்டே உளி பிடிக்கவும் மரம் அறுக்கவும் சொல்லிக்கொடுத்தார். மர பொம்மைகள் செய்தார்கள்.

அந்தப் பட்டறையில் இன்னொன்றும் நடந்தது. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிராண்ட் பக்கத்தில் இருந்து பார்த்தார். வலி தெரியாத கை சுத்தியலை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கிறது. பிடியில் ஒரு பிசிர் இருந்தால் அது உள்ளங்கையைக் கிழிக்கிறது, வேலை செய்கிறவனுக்குத் தெரிவதில்லை. துருப்பிடித்த பூட்டில் ஒரு பையன் சாவியைத் திருகினால் விரல் சதை எலும்பு வரை பிய்ந்துவிடுகிறது, அவன் முகம் சுளிக்கவில்லை. விரல் போவதற்குக் காரணம் வலி இல்லாமை என்பது அப்படித்தான் பிடிபட்டது. தச்சனாக இல்லாத ஒரு டாக்டர் அந்தப் பிடியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருப்பாரா?

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். முதலில் என் வரம் எது என்று தெரியட்டும், அப்புறம் யாருக்காவது செய்கிறேன் என்கிறீர்கள். பிராண்ட் தன்னைக் குடைந்து பார்த்து என்னிடம் தச்சு வரம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவில்லை. பிச்சையும் கிடைக்காத ஒரு மனுஷன் முன்னால் வந்து நின்றான். அவனுக்கு எது வேண்டுமோ அது தன்னிடம் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. ஆளைப் பாருங்கள் எஸ். எதிரே ஆள் இல்லாமல் கேள்வித்தாளை எத்தனை முறை கூட்டினாலும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்று ஒரு இளம் டாக்டர். 1954-ல் வேன் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. நின்றபடி செய்யும் அறுவை இனி முடியாது. கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று வழி காட்டியவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார் மேரி. பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, சிஎம்சியில் அந்தத் துறையையே தலைமை தாங்கி நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன ஒருவன், இனி எனக்கு என்ன இருக்கிறது என்று படுத்திருக்கிறான். அவனைப் பார்க்க வருகிற டாக்டரே சக்கர நாற்காலியில் வருகிறார். அந்த அம்மாவிடம் அவனுக்கு வேண்டியிருந்தது இழந்துபோன அந்தக் கால்கள்தான்.

நானே கண்ணால் பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். என் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க வேலூரில் தங்கியிருந்தபோது பழக்கமானவர். புருஷனுக்குக் கரக்பூரில் ரயில்வே வேலை என்பதால் வங்காளி நன்றாகப் பேசுவார். வேலூருக்கு வங்காளத்திலிருந்து எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாஷை தெரியாமல் மருந்துக் கவுண்டர் பக்கம் திகைத்து நிற்பார்கள். இந்த அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்வார். ஒவ்வொரு மாத்திரைக் கவர் மேலும் பேனாவால் படம் போடுவார்: காலைக்கு உதிக்கிற சூரியன், மத்தியானத்துக்கு முழுச் சூரியன், ராத்திரிக்குப் பிறை. சாப்பிடுமுன் என்றால் காலித் தட்டு, சாப்பிட்டபின் என்றால் தட்டில் நாலு புள்ளி. பிறகு நோயாளியைவிட்டே திருப்பிச் சொல்ல வைப்பார். ஒரு தடவை தப்பாகச் சொன்னால் விடமாட்டார். அவர் சபையில் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு ஒரு கிழவருக்கு ஸ்கேன் இருக்கிறது என்று வரவில்லை. கமிட்டியில் சிலருக்கு அதில் வருத்தம்! எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு எழுதுகிறேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். பைபிளில் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எருசலேமில் தினப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள், முறுமுறுப்பு எழும்புகிறது. அதைச் சரிசெய்ய எப்படிப்பட்ட ஆட்களைத் தேடச் சொன்னார்கள்? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களை. சாப்பாட்டுப் பங்கீட்டுக்கு! யார் விடுபட்டார் என்று பார்க்கிற வேலைக்கு! இன்றைக்கு நம் சபைகளில் நடக்கிற சண்டையில் பாதி பணக் கணக்கைப் பற்றித்தான். கோர்ட்டுப் படி ஏறுகிறோம், ஊர் சிரிக்கிறது. நேர்மையாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருத்தி எனக்கு வரமே இல்லை என்று படுக்கையில் புரண்டுகொண்டிருக்கிறாள்.

வேலையை விட வேண்டாம். உங்கள் சபையில் கணவனை இழந்த அம்மாக்கள் எத்தனை பேர், யாருக்கு உதவித்தொகை வருகிறது, யாருக்கு நின்றுபோயிற்று, யாருடைய பாஸ்புத்தகம் முடங்கிக் கிடக்கிறது, உப்பளத்தில் வேலை பார்த்த யார் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதுங்கள். மனு எழுத வேண்டியதை எழுதுங்கள், தாலுகா ஆபீசுக்குக் கூடப் போங்கள். அங்கே நாலு பேர் முன்னால் பேசத்தான் வேண்டியிருக்கும், பேசுவீர்கள். அந்த நோட்டில் பாதிப் பேருக்காவது பணம் வர ஆரம்பித்த பிறகு எனக்கு எழுதுங்கள். முழுநேர ஊழியத்தைப் பற்றி அப்போது பேசலாம்.