மலைக் கிராமத்தில் பழகிய வீட்டில் சாவு விழுந்தால் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் ‘எடுங்கள்’ என்று அந்த வீட்டில் இழப்புக்கு மிக நெருங்கியவர் சொல்ல வேண்டும். நீங்கள் அங்கே நெடுநாளாகப் போய்வருகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். செய்தி கேட்டதும் கேமராவோடு ஓடுகிறவருக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு மலைக் குடும்பத்தைப் பல வருடங்களாகப் படம் எடுத்துவந்தேன். அந்த வீட்டுப் பாட்டி இறந்தபோது மண்சரிவால் சாலை அடைபட்டிருந்தது. வெளியூரிலிருந்த மூத்த மகளால் வர முடியவில்லை. “அக்கா பார்க்கணும், நீங்க எடுங்க” என்று கேட்டவர் இளைய மகன்தான். ஃபிளாஷ் இல்லை, ஜன்னல் வெளிச்சம், 35 மி.மீ. லென்ஸ், குறைந்த வெளிச்சத்துக்காக ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200, ஓசையில்லாத ஷட்டர். சரிவில் இறங்கும்போது முன்னால் போனவர்கள் பாடையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள், பின்னால் வந்தவர்கள் இடுப்பளவுக்குத் தாழ்த்தினார்கள். உடல் சாயக்கூடாதல்லவா! மகள் அதிக நேரம் பார்த்தது அந்தப் படத்தைத்தான். யார் யார் தோள் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு முகமாகக் கேட்டார்.

தம்பி கதறும் ஒரு படத்தை மட்டும் அந்த மகள் வேண்டாம் என்றார். எல்லா நகல்களையும் அழித்தேன். ஆவணத்தை அழிக்கலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்த அழுகை என்னுடையது இல்லை.

1951இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழில் வந்த, புகைப்படக் கலைஞர் யூஜீன் ஸ்மித்தின் ஸ்பெயின் கிராமத்துத் துக்க வீட்டுப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அதில் இரண்டு பெண்களின் பார்வை போகும் திசையை அவர் பிரிண்டில் மாற்றினார். மகத்தான கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவர் கேமராவைப் பார்த்தால், பார்த்ததாகவே இருக்கட்டும் என்பேன். இன்னொரு புகைப்படக் கலைஞர் ஷெல்பி லீ ஆடம்ஸின் வழி எனக்கு நெருக்கம். அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் பிறந்தவர், அதே குடும்பங்களிடம் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போனார், உடனே பிரிண்ட் வரும் போலராய்டு படம் எடுத்து அவர்களிடமே காட்டினார். வறுமையைக் காட்சிப்பொருளாக்குகிறார் என்று அவரையும் திட்டினார்கள். அந்த விமர்சனத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் திரும்பிப் போனவரையும் ஒருமுறை வந்து எடுத்துப் போனவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அப்புறம், இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு பத்திரிகை என் தொகுப்பைக் கேட்டது. கல்யாணம், குழந்தை பிறந்தது, மாடு கன்று போட்டது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அழுகிற முகங்களை மட்டும் பொறுக்கினார்கள். கொடுக்கவில்லை. போட்டிகள் நடத்துகிறவர்களில் சிலர் இன்னும் மோசம்: நுழைவுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, அனுப்பும் படங்களையெல்லாம் எப்போதும் எங்கும் பயன்படுத்தும் உரிமையையும் விதிகளின் கடைசியில் பொடி எழுத்தில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். துக்க வீட்டுப் படம் நாளை ஏதோ விளம்பரத்தில் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? அனுப்புவதற்கு முன் அந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.