வகுப்பறையில் ஏஐ: கணக்கு வாத்தியாரிடம் கேளுங்கள்

வியாசர்பாடி ஆசிரியை: ஆறாம் வகுப்பு. முன்வரிசையில் நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள், மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. ஏஐ உதவுமா சார்?

உதவும் டீச்சர். பலருக்குப் பாடம் தெரியாமல் இல்லை, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம்தான். அதனால் தப்பை மெஷின் தலையில் கட்டிவிடுங்கள். பின்ன வகுத்தல் எடுக்கும்போது ஸ்மார்ட் போர்டில், என் அக்கவுண்டில், சாட்ஜிபிடியிடம் இப்படிக் கேட்டேன்: "3/4 ÷ 1/2 கணக்கை ஒரு மாணவன் தப்பாகப் போடுவதுபோல் போடு. எங்கே தப்பு என்று சொல்லாதே." முதல் பின்னத்தைக் கவிழ்த்து, 4/3 × 1/2 = 2/3 என்று போட்டது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "முக்காலுக்குள்ள ஒரு அரை முழுசா இருக்கே சார், விடை எப்படி ஒண்ணுக்குக் கம்மியா வரும்?" என்றாள். ஒன்றரை என்று பின்னாலிருந்து ரெண்டு பேர் கத்தினார்கள். மெஷினைத் திருத்த யாருக்கும் கூச்சமில்லை.

வேளச்சேரி அப்பா: பையன் ஏழாவது. சாட்ஜிபிடி வைத்து ஹோம்வொர்க் செய்கிறான். தன்னம்பிக்கை கூடியிருக்கிறது. நல்லதுதானே?

முதலில் வயது. 13 ஆகாதவர்களுக்கு அது கிடையாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். இது அதை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விதி. அடுத்து, துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்த கணக்கு ஆய்வு ஒன்று 2024-இல் வந்தது. சாட்ஜிபிடியை இயக்கிய ஜிபிடி-4 மாடல் கையில் இருந்தபோது பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு தேர்வு வைத்தால், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவு. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த குழுவில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. பையனை ஒரு கணக்கு வெறும் தாளில் போடச் சொல்லிப் பாருங்கள்.

குரோம்பேட்டை அம்மா: எந்த ஆப் நல்லது?

எதற்கு என்று சொல்லவில்லையே. சின்னப் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு என்றால் கூகுளின் ரீட் அலாங். சத்தமாக வாசித்தால் கேட்டுத் திருத்தும். எந்த ஆப் ஆனாலும் குழந்தையின் பெயர், போட்டோ, பள்ளி, மார்க் எதையும் கொடுக்காதீர்கள்.

தாம்பரம் விரிவுரையாளர்: மாணவியின் ஆங்கிலக் கட்டுரை 92 சதவீதம் ஏஐ என்கிறது, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர். பூஜ்யம் போடலாமா?

கூடாது. ஓப்பன்ஏஐ தன் டிடெக்டரையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று தப்பாக முத்திரை விழுந்தது. நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் என்று யோசியுங்கள்.

தாம்பரம், மறுபடி: அவள் நடை எனக்குத் தெரியாதா? போன செமஸ்டரில் நாலு வரி எழுத மாட்டாள்.

தெரியுமென்றால் டிடெக்டர் எதற்கு? கூப்பிட்டு, இரண்டாம் பத்தியை ஏன் அப்படி எழுதினாய் என்று கேளுங்கள்.

அம்பத்தூர் (நடுவில் புகுந்து): எழுதினவளே பயத்தில் உளறினால்?

நியாயம். அப்படியானால் விசாரணை வேண்டாம், ஒரு பத்தியை எதிரில் உட்கார்ந்து திருத்தி எழுதட்டும்.

தாம்பரம்: அறுபது பேருக்கு நேரம் எங்கே?

அறுபது பேர் மேலுமா சந்தேகம்?

போரூர்: எந்த ஆப் நல்லது சார்?

குரோம்பேட்டைக்குச் சொன்னதுதான்.

மயிலாப்பூர் தமிழாசிரியர்: குறள் விளக்கத்துக்கு நம்பலாமா?

எண்ணைத் தப்பாகச் சொல்லும், சமயத்தில் இல்லாத குறளையே கட்டிவிடும். நூலைத் திறந்து சரிபாருங்கள். கட்டிவிட்டது கிடைத்தால் தளை தட்டுகிறதா என்று வகுப்பில் அலசச் சொல்லுங்களேன், வெண்பா இலக்கணத்துக்கு நல்ல பயிற்சி.

ஆவடி: சிறந்த ஏஐ ஆப் ஒன்று சொல்லுங்கள்.

குரோம்பேட்டை. கடைசி வரியையும் சேர்த்துப் படியுங்கள்.